வறட்சிக் காலக் கூலிவேலை: சர்க்கார் செலவால் விளையும் பயன் யாது?

முகவுரை

ஏழைகளின் நன்மைக்கென்று சர்க்கார் செலவிடும் பணம் நாட்டிற்குப் பயன் தருகின்றதா, அன்றி ஆற்றிற் கரைத்த புளியாய்ப் போகின்றதா என்னும் கேள்வி நெடுங்காலமாக வழங்கி வருவது. பட்டணங்களில் இதனை வரி செலுத்துவோர் கேட்கின்றனர். கிராமங்களிலோ நிலமுடைய குடியானவர்களே பெரிதும் கேட்கின்றனர். சர்க்கார் நடத்தும் மண்வேலைக்கு ஜனங்கள் சென்றுவிடுவதால் நடவிற்கும் களையெடுப்பிற்கும் ஆள் கிடைப்பதில்லை என்பதும், கிடைக்கும் ஆளும் கூடுதல் கூலி கேட்கின்றார் என்பதும் அவர்களுடைய முறையீடு. கூலிக்காரர்களோ, வேலையில்லாத கோடையில் அடுப்பெரிவது அந்த மண்வேலையால்தான் என்கின்றனர். ஒரே கிராமத்தில் அடுத்தடுத்து வாழ்ந்து, ஒரே நிலத்தை நம்பிப் பிழைக்கும் இரு சாராரும் இவ்வாறு முரண்படுவது நல்லதன்று. ஆதலின் இவ்விஷயத்தைக் கோபமின்றியும் தாட்சண்யமின்றியும் ஆராய்வது அவசியமாகும்.

பொதுநல உதவிகள் பலவகைப்படும். பள்ளிக்கூடத்தில் உணவளித்தல், முதியோர்க்குப் பணம் கொடுத்தல், நியாய விலைக்கு அரிசி கொடுத்தல் முதலியன யாவும் அவற்றிற் சேர்ந்தனவே. எனினும் இப்பாடத்தில் வேலை கொடுத்துக் கூலி வழங்கும் உதவி ஒன்றை மட்டுமே எடுத்துக்கொள்வோம். விவசாயத்தோடு மிக நெருங்கிய சம்பந்தமுடையது அதுவே. அதன் சரித்திரமும் ஒன்றரை நூற்றாண்டு காலத்திற்கு நமக்குத் தெளிவாகத் தெரிந்துள்ளது.

வறட்சியில் முதலில் அழிவது எது?

மழை பொய்த்தால் நெல் அழிகின்றது. நெல் அழிவதால் ஜனங்கள் பட்டினி கிடக்கின்றனர் என்றே நாம் சாதாரணமாக எண்ணுகின்றோம். சற்று ஊன்றிப் பார்த்தால் அவ்விரண்டிற்கும் இடையில் மற்றொன்று அழிவது புலப்படும். அதுவே வேலை. மழையில்லையேல் உழவில்லை, உழவில்லையேல் நடவில்லை, நடவில்லையேல் களையும் அறுப்பும் போரடிப்பும் இல்லை. பயிர் கருகி விளைச்சல் குறைந்த செய்தி கணக்கிலேறும் முன்னரே, அன்றாடங் கூலியால் வாழ்வோரின் வருமானம் நின்றுவிடுகின்றது. பத்தாயத்தில் மிச்சமுள்ள குடியானவர் ஒரு போகம் தாங்குவார். கையில் காசில்லாத கூலிக்காரரோ, கடைத்தெருவில் தானியம் குவிந்து கிடப்பினும் அதனை வாங்க மாட்டாமல் நிற்பார்.

1880-ஆம் ஆண்டில் சர் ரிச்சர்ட் ஸ்டிராச்சியின் தலைமையிலமைந்த இந்தியப் பஞ்சக் கமிஷனார் இதனைத் தம் அறிக்கையில் தெளிவாகக் கண்டு கூறினர். பஞ்சத்தின் முதல் அடி நிலமற்ற விவசாயக் கூலிகள்மேலும், அவரை அடுத்துக் கைத்தொழிலாளர்மேலும் விழுகின்றதென்றும், அதற்குக் காரணம் தானியமின்மை மாத்திரமன்று, அதனை வாங்குவதற்கு வேண்டிய கூலியின்மையுமே என்றும் அவர்கள் எடுத்துக்காட்டினர். எனவே கூலியை மீண்டும் உண்டாக்குதலே முதற் பரிகாரம் என்பது போதரும். இவ்வறிவு எளிதிற் கிடைத்ததன்று. மிகப் பெரிய விலை கொடுத்துப் பெற்றதாகும். அவ்வரலாற்றை இனிக் காண்போம்.

ஓர் அதிகாரியும் இரண்டு பஞ்சங்களும்

1873-74-இல் வங்காள ராஜதானியின் பீஹார்ப் பகுதியில் மழை பொய்த்தது. அங்கே நிவாரண வேலையை மேற்பார்த்தவர் சர் ரிச்சர்ட் டெம்பிள் என்னும் அதிகாரி. அவர் பர்மாவிலிருந்து 4 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட அரிசியைத் தருவித்தார். தாராளமான கூலிக்கு வேலைகளைத் திறந்தார். வேலை செய்ய இயலாதவர்க்கு இலவசமாகவும் உதவினார். அப்பஞ்சத்தில் பட்டினியால் இறந்தோர் மிகச் சிலரே. இதற்காக அவர் புகழப்பெற்றாரெனின், இல்லை. செலவு மிகுதியாயிற்றென்று கடுமையாக இகழப்பெற்றார். ஜனங்கள் மாளாததையே காரணமாகக் காட்டி, அது மெய்யான பஞ்சமே அன்று என்றும், பணம் வீணாயிற்றென்றும் பலர் வாதித்தனர். வெள்ளத்தைத் தடுத்த கரையைப் பார்த்து, வெள்ளந்தான் வரவில்லையே, கரை எதற்கு என்று கேட்பது போன்றது இவ்வாதம்.

மூன்றாண்டிற்குள் சென்னை, பம்பாய் ராஜதானிகளிலும் மைசூர், ஹைதராபாத் சமஸ்தானங்களிலும் தாதுவருஷப் பஞ்சமென்று இன்றும் வழங்கப்பெறும் 1876-78-ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சம் தோன்றிற்று. 1877-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்தியா சர்க்காரின் பிரதிநிதியாக அனுப்பப்பெற்றவரும் அதே டெம்பிள்தான். ஆனால் இம்முறை அவர் சிக்கனம் செய்யும் நோக்கத்தோடு வந்தார். வலிய வேலை செய்யும் ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறு காசும் போதுமென்று கூலி நிர்ணயித்தார். உண்மையாக இல்லாதவரை மட்டும் பிரித்தறிவதற்கென்று, வீட்டிற்குத் தொலைவான இடங்களில் வேலைக் களங்கள் அமைக்கப்பெற்றன. சென்னை ராஜதானியின் சுகாதாரக் கமிஷனராயிருந்த டாக்டர் கார்னிஷ், அக்கூலியால் உழைப்பவன் உயிர் தரிக்க இயலாதென்று கணக்கோடு மறுத்தெழுதினார். சில மாதங்களில் சென்னையில் கூலி ஒருவாறு உயர்த்தப்பெற்றது. அதற்குள் நேர்ந்த கேடு பெரிது. அப்பஞ்சத்தில் மாண்டோர் 55 லட்சத்திற்குக் குறையாரென்று மதிப்பிடப்பெற்றுள்ளது.

இங்கே நாம் கவனிக்கற்பாலது ஒன்றுண்டு. இரண்டிடத்திலும் நிவாரண வேலை இருந்தது. நடத்திய அதிகாரியும் ஒருவரே. கூலியின் அளவும், வேலைக் களத்தின் தூரமும், உதவியின் காலமும் மாறின, விளைவும் மாறிற்று. ஆகவே, பொதுநல உதவியால் நன்மை உண்டா என்று பொதுப்படக் கேட்பது போதாது. எவ்வாறு செய்யப்பெற்ற உதவி என்பதையும் உடன் கேட்டல் வேண்டும்.

அப்பஞ்சத்தில் நடந்த வேலைகளுள் சில நிலைத்தும் நின்றன. சென்னைப் பட்டணத்தில் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து ஏறத்தாழ 5 மைல் நீளத்திற்குக் கால்வாய் வெட்டப்பெற்றது 1877-78-இல் பஞ்ச நிவாரண வேலையாகத்தான். அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரால் அக்கால்வாய் வழங்கலாயிற்று. நெடுங்காலம் உப்பும் விறகும் தானியமும் அதன் வழியே படகுகளிற் சென்றன. பட்டினியைத் தணிக்க இட்ட கூலி ஒரு போக்குவரத்து வழியாகவும் மிஞ்சியதற்கு அஃது உதாரணம்.

விதியிலிருந்து உரிமைக்கு

பஞ்சக் கமிஷனாரின் அறிக்கைக்குப் பின்னர், 1883 முதல் மாகாணந்தோறும் பஞ்ச விதிகள் வகுக்கப்பெற்றன. உடல் வலியுள்ளோர்க்கு வேலையும் கூலியும், முதியோர்க்கும் நோயாளிகட்கும் குழந்தைகட்கும் இலவச உதவியும் என்பது அவ்விதிகளின் சாரம். அவற்றால் பல பஞ்சங்களின் கொடுமை குறைந்தது. ஆயினும் அவற்றிற்கு ஒரு பெருங்குறை இருந்தது. பஞ்சம் நேர்ந்துள்ளதென்று சர்க்கார் அறிவித்தாலன்றி விதிகள் உயிர் பெறா. 1943-ஆம் ஆண்டின் வங்காளப் பஞ்சத்தில் அவ்வறிவிப்பு செய்யப்பெறவே இல்லை. விதிப்புத்தகம் அலமாரியில் இருக்க, சுமார் 30 லட்சம் ஜனங்கள் பட்டினியாலும் அதனைத் தொடர்ந்த நோயாலும் மாண்டனரென்று மதிப்பிடுகின்றனர். அவர்களுள் நிலமற்ற கூலிகளும் மீன்பிடிப்போரும் மிகுதி.

சுதந்திரத்திற்குப் பின்னர் மஹாராஷ்டிர ராஜ்யத்தில் 1970 முதல் 1973 வரை மழை தொடர்ந்து பொய்த்தது. ராஜ்ய சர்க்கார் குளம் வெட்டல், வரப்பிடல், சாலை போடல் முதலிய வேலைகளை ஏராளமாகத் திறந்தனர். 1973-ஆம் ஆண்டு மே மாதத்தில் அவ்வேலைக் களங்களில் இருந்தோர் தொகை ஏறத்தாழ 50 லட்சம். விளைச்சல் மிகவும் குன்றியிருந்தும், பழைய காலத்துப் பஞ்சங்களிற் கண்ட பெருஞ்சாவு அங்கே நேரவில்லை. அவ்வனுபவத்தின்மேல் எழுந்ததே அந்த ராஜ்யத்தின் வேலை உத்தரவாதத் திட்டம். 1977-இல் அது சட்டமாயிற்று. பட்டணங்களில் உத்தியோகமும் தொழிலும் செய்வோர்மீது விதித்த தொழில்வரி அதன் செலவிற்கு ஒரு முக்கிய வருவாயாக அமைந்தது.

இதன் விரிவாக, 2005-ஆம் ஆண்டில் இந்தியப் பாராளுமன்றம் தேசிய ஊரக வேலை உத்தரவாதச் சட்டத்தை நிறைவேற்றிற்று. 2006-ஆம் ஆண்டு பிப்ரவரியில் 200 ஜில்லாக்களில் தொடங்கி, 2008-ஆம் ஆண்டு ஏப்ரலில் கிராமப்புறமுள்ள எல்லா ஜில்லாக்கட்கும் அது பரவிற்று. அச்சட்டத்தின் முக்கிய ஷரத்துக்கள் வருமாறு: குடும்பம் ஒன்றிற்கு ஆண்டில் 100 நாள் வேலை, கேட்ட 15 நாளுக்குள் வேலை தராவிடில் வேலையின்மைப் படி, 15 நாளுக்குள் கூலி, வேலை 5 கிலோமீட்டருக்குள் இருத்தல், அதற்கப்பாலாயின் நூற்றுக்குப் பத்து கூடுதல் கூலி, ஒப்பந்தக்காரர் கூடாமை, கிராம சபையின் முன்னிலையில் கணக்குத் தணிக்கை. 1877-இல் ஏழையைச் சோதிப்பதற்கென்று தூரம் வைத்தனர். 2005-இல் அவர் களைப்படையாதிருத்தற்கென்று தூரத்தைக் குறைத்தனர். இடையிலுள்ள 128 ஆண்டுகளில் நாடு கற்ற பாடம் இவ்வொரு மாறுதலிலேயே விளங்கும்.

கொள்ளை நோய்க் காலமான 2020-21-ஆம் ஆண்டில், பட்டணங்களில் பிழைப்பிழந்தவர் கிராமங்கட்குத் திரும்பியபோது, இச்சட்டத்தின்கீழ் ஏறத்தாழ 389 கோடி ஆள்நாள் வேலை வழங்கப்பெற்றது. பின்னர் 2025-ஆம் ஆண்டு டிசம்பரில் பாராளுமன்றம் இச்சட்டத்திற்குப் பதிலாக வேறொரு சட்டத்தை இயற்றிற்று. அதில் வேலை நாள் 125 என்றும், பெரும்பாலான ராஜ்யங்கள் செலவில் நூற்றுக்கு 40 பங்கு ஏற்றல் வேண்டுமென்றும், விதைப்பு அறுவடைக் காலங்களில் ஆண்டொன்றுக்கு மொத்தம் 60 நாள் வேலையை நிறுத்தி வைத்தல் வேண்டுமென்றும் கண்டிருக்கின்றது. இக்கடைசி ஏற்பாடு குடியானவர்களின் முறையீட்டை மனத்திற்கொண்டு செய்யப்பெற்றது. ஆகவே அம்முறையீட்டை அடுத்து ஆராய்வோம்.

முதல் ஆட்சேபம்: ஆள் கிடைப்பதில்லை, கூலி ஏறுகின்றது

இஃது உண்மையா என்றால், ஓரளவிற்கு உண்மையே. சட்டம் முதலில் வந்த ஜில்லாக்களையும் பின்னர் வந்த ஜில்லாக்களையும் ஒப்பிட்டுக் கிளெமென்ட் இம்பெர்ட், ஜான் பாப் என்னும் இரு பொருளியலார் 2015-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், முன்னவற்றில் கூலி நூற்றுக்கு 4½ வீதம் கூடுதலாக ஏறியதாகக் கண்டனர். ஆனால் இவ்வேற்றம் பெரும்பாலும் வறண்ட மாதங்களில் நிகழ்ந்தது; சர்க்கார் வேலையிற் பெரும்பகுதி நடந்ததும் அம்மாதங்களிலேயே. நடவு மும்முரமாக நடக்கும் மழைக்காலத்தில் கூலி ஏறினால், அதற்குப் பட்டணத்துக் கட்டட வேலை, ஆலை வேலை, பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லுதல் முதலிய வேறு காரணங்களையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும். ஊரிலுள்ள எல்லாக் குறைக்கும் ஏரிக்கரையில் நிற்கும் கிழவியின்மேற் பழி சுமத்துவது நியாயமாகாது.

இதனினும் நுட்பமான ஆராய்ச்சியொன்று, பிரிவினைக்கு முற்பட்ட ஆந்திரப் பிரதேசத்தில் 2010 முதல் 2012 வரை நடைபெற்றது. அங்கே கூலி வழங்கும் முறையைச் சீர்திருத்தக் கைரேகையால் அடையாளம் காணும் அட்டைகள் கொடுக்கப்பெற்றன. 8 ஜில்லாக்களைச் சேர்ந்த 157 மண்டலங்களுள் எவை முன்னர், எவை பின்னர் என்பது சீட்டுக் குலுக்குவது போன்ற முறையில் தீர்மானிக்கப்பெற்றதால், சீர்திருத்தத்தின் பயனை ஐயமற அளக்க முடிந்தது. கார்த்திக் முரளிதரன், பால் நீஹவுஸ், சந்தீப் சுக்தங்கர் ஆகிய மூவர் அதன் முடிவுகளை 2023-இல் வெளியிட்டனர். சீர்திருத்தம் பெற்ற இடங்களில் திட்டத்திற் சேர்ந்த குடும்பங்களின் சம்பாத்தியம் நூற்றுக்கு 14 வீதம் உயர்ந்தது. வியப்பிற்குரிய செய்தி அடுத்ததே. அவ்வுயர்வில் நூற்றுக்கு 86 பங்கு சர்க்கார் கூலியால் வந்ததன்று. தனியாரிடம் செய்த வேலையாலும் அங்கே ஏறிய கூலியாலும் வந்ததாகும்.

இஃது எவ்வாறு நிகழும்? இரண்டு வழிகளை ஆராய்ச்சியாளர் காட்டுகின்றனர். முதலாவது, வேறு போக்கில்லாதவன் கொடுத்த கூலிக்கு இசைவான்; ஒரு போக்குள்ளவன் நியாயமான கூலி கேட்பான். நிலம் ஒரு சிலர் கையிற் திரண்டுள்ள கிராமங்களில், கூலியைத் தாழ்த்தி வைத்துக் குறைந்த ஆட்களை வைத்துக்கொள்ளும் வழக்கமுண்டு. கூலி ஏறியபோது அங்கே வேலைக்கு வருவோரும் கூடினர். இரண்டாவது, கூலி பெற்றவர் அதனைப் புதைத்து வைப்பதில்லை. மளிகைக் கடையிலும், தையற்காரரிடத்தும், செக்கிலும், சந்தையிலும் செலவிடுகின்றனர். அதனால் விவசாயமல்லாத சிறு தொழில்கள் அவ்விடங்களில் விரைந்து பெருகின. கிராமத்திற் கொடுத்த கூலி கிராமத்திற்குள்ளேயே பலமுறை கைமாறுகின்றது.

மறைக்காமற் சொல்லவேண்டிய மற்றொன்றும் உண்டு. அதே ஆராய்ச்சியில் நிலத்திலிருந்து கிடைக்கும் வருமானம் குறைந்தது. ஆகவே அதிக நிலம் வைத்துக் கூலியாட்களையே நம்பிப் பயிரிடுவோர்க்கு இத்திட்டத்தால் நஷ்டம் நேரக்கூடும். நன்மை எல்லார்க்கும் ஒரே அளவில் வருவதாகச் சொல்லுவோர் பாதி உண்மையே சொல்லுகின்றனர். ஆனால் நம் நாட்டுக் குடியானவருட் பெரும்பாலோர் இரண்டு ஹெக்டேருக்கு உட்பட்ட நிலமுடையவர். ஒரு நாள் ஆள் வைப்பதும், மறுநாள் தாமே ஆளாகச் செல்வதும் அவர்களுள் பலர்க்கு இயல்பு. அவர்கட்குக் கூலி என்பது ஒரு கையாற் கொடுப்பதும் மற்றொரு கையாற் பெறுவதுமாகும்.

இரண்டாவது ஆட்சேபம்: ஜனங்கள் சோம்பேறிகளாகின்றனர்

இருந்து தின்றால் குன்றும் மாளும் என்னும் பழமொழியைச் சொல்லி, சர்க்கார் பணம் ஜனங்களைச் சோம்பலாக்குகின்றதென்பர். இது வேலைக்குக் கொடுக்கும் கூலி, இனாமன்று. மரத்தடியில் உட்கார்ந்து கலையும் களங்களும் உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. அது வேலையை அளந்து விடாததன் குற்றம். அளக்க வேண்டியவரின் குற்றம். காலையில் ஒவ்வொரு குழுவிற்கும் இத்தனை நீளம், இத்தனை அகலம், இத்தனை ஆழம் என்று கயிறு பிடித்துக் காட்டி, மாலையில் மீண்டும் அளந்தால் சோம்பலுக்கு இடமில்லை.

அன்றியும் களத்திற்கு வருவோர் யாவர் என்று காண்க. தமிழ்நாட்டில் இவ்வேலைக்கு வந்தவருள் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் பெண்கள். அவர்களுட் பலர் வயது முதிர்ந்தவர். குழந்தையை விட்டு வெளியூர் செல்ல இயலாதவர். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பதைக் கிராமத்தில் பலர் முதன்முதற் கண்டது இக்களத்திலேதான். இத்தகையோர் பட்டணத்து ஆலையில் வேலை தேடாமல் இங்கே வந்தனரென்று குறை கூறுவது பொருந்தாது.

மூன்றாவது ஆட்சேபம்: வேலையால் ஒன்றும் மிஞ்சுவதில்லை

இவ்வாட்சேபத்தை மஹாராஷ்டிரத்தில் நேரிற் சோதித்துப் பார்த்தனர். 2014-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், 4,100-க்கு மேற்பட்ட வேலைகளைத் தேடிச் சென்று பார்வையிட்டதில், நூற்றுக்கு 87 வேலைகள் இடத்தில் இருந்து பயன் தந்துகொண்டிருந்தன. நூற்றுக்கு 75-க்கு மேற்பட்டவை நேராகவோ சுற்றாகவோ விவசாயத்திற்கு உதவுவன. அவற்றைப் பயன்படுத்துவோருட் பத்தில் ஒன்பது பங்கினர் அவற்றால் நன்மையுண்டென்றனர். அந்த ராஜ்யத்திலேயே 1990 முதல் வேலை உத்தரவாதக் கூலியைக் கொண்டு சிறு குடியானவர் நிலங்களில் மா, முந்திரி, மாதுளை முதலிய பழமரங்கள் வைக்கப்பெற்றதும் நினைவிற் கொள்ளத்தக்கது. நட்ட ஆண்டில் அது கூலி. காய்த்த ஆண்டு முதல் அது சொத்து.

எல்லா இடத்திலும் இவ்வாறே என்று சொல்ல முடியாது. ஒரே பாதையில் ஆண்டுதோறும் மண்ணைக் கொட்டி, மழையில் கரையவிட்டு, மீண்டும் கொட்டும் களங்களையும் நாம் கண்டிருக்கின்றோம். அத்தகைய வேலையால் கூலி பெற்றவரின் பசி மட்டும் தணியும். கிராமம் இருந்தபடியே இருக்கும்.

ஓர் ஏரியின் கணக்கு

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் குளங்களும் உள. அவற்றுட் பல வண்டல் மேவிக் கொள்ளளவு குறைந்தவை. முற்காலத்தில் குடிமராமத்து என்னும் வழக்கத்தால் ஊரார் தாமே கூடி அவற்றைப் பராமரித்தனர். அவ்வழக்கம் தளர்ந்தபின் ஏரியைத் தூர்வாரும் கடமை ஒருவருக்கும் உரியதன்று என்றாயிற்று. இனி ஒரு கணக்கைப் பார்ப்போம். இது கணக்கிற்காகக் கொண்ட உதாரணமே.

ஒரு கிராமத்தில் 100 குடும்பங்கள். குடும்பத்திற்கு 100 நாள் வேலை. ஆக 10,000 ஆள்நாள். ஒருவர் நாளொன்றுக்கு ஒரு கன மீட்டர் வண்டலை வெட்டிக் கரைசேர்ப்பதாகக் கொண்டால், ஆண்டில் 10,000 கன மீட்டர். அதாவது ஒரு ஹெக்டேர் பரப்பில் ஒரு மீட்டர் ஆழம். அந்த இடத்தில் ஒருமுறை நிரம்பும் நீர் ஒரு கோடி லிட்டர். வயலுக்கு 5 சென்டிமீட்டர் உயரம் நீர் பாய்ச்சுவதாயின், ஒரு ஹெக்டேருக்கு ஒரு பாய்ச்சலுக்கு 5 லட்சம் லிட்டர் வேண்டும். ஆகவே வெயிலிலும் மண்ணிலும் போவதைக் கழிக்காமற் பார்த்தால், ஒரு முறை நிரம்பிய நீர் 20 பாய்ச்சலுக்குச் சரியாகும். கழிவிற்குப் பாதியைத் தள்ளினாலும் 10 பாய்ச்சல் மிஞ்சும். கதிர் பால்பிடிக்கும் பருவத்தில் இரண்டு பாய்ச்சல் இல்லாமற் பயிரை இழந்த குடியானவர்க்கு இதன் மதிப்பை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. ஐந்து ஹெக்டேரின் அறுவடை அதனால் தப்பும். வெட்டியெடுத்த வண்டலும் மேட்டு நிலங்களுக்கு எருவாகும்.

ஆயின் இக்கணக்கு பலிப்பதற்கு நிபந்தனைகள் உண்டு. வரத்துக்கால் அடைபட்டிருக்க, ஏரியின் வயிற்றை மட்டும் ஆழப்படுத்துவது வீண். மதகும் கலுங்கும் பழுதாயிருப்பின் தேங்கிய நீர் நில்லாது. வெட்டிய மண்ணைக் கரைக்குள்ளேயே குவித்தால் முதல் மழையில் அது மீண்டும் ஏரிக்குள் இறங்கும். புல்லைச் செதுக்கி மேல்மண்ணைக் கீறிவிட்டு, தூர்வாரியதாக எழுதிக்கொண்டால் காகிதத்தில்தான் நீர் நிற்கும்.

குடியானவர்கள் செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றால், இவ்வுதவியின் பயன் பெரும்பாலும் ஊராரின் கவனத்தையே பொறுத்துள்ளதென்பது விளங்கும். அதனை வெளியே நின்று இகழ்வதினும், உள்ளே புகுந்து நடத்துதல் மேலானது.

1. கிராம சபையில் வேலைகளைத் தேர்ந்தெடுக்கும் நாளன்று நிலமுடையோரும் கூலிக்காரரும் ஒருங்கே வருதல் வேண்டும். வரத்துக்கால், ஏரி, வரப்பு, பண்ணைக் குட்டை என்னும் வரிசையில் நீருக்கு முதலிடம் கேட்டல் வேண்டும்.

2. ஏரி வேலையைப் பங்குனி முதல் ஆனி வரையுள்ள வறண்ட மாதங்களில் முடித்தல் வேண்டும். அப்போது ஏரியும் வறண்டிருக்கும், வயலிலும் வேலையிராது. நடவு அறுவடை நாட்களை ஊரார் முன்கூட்டியே கூடிக் குறித்துக்கொண்டால் ஆள் பற்றிய சச்சரவு பெரிதும் நீங்கும். வேலையை நிறுத்தி வைக்கும் நாட்கள் அந்தந்த ஊரின் பயிர்க் காலத்திற்குப் பொருந்தாவிடில், வயலிலும் வேலையின்றி, களத்திலும் வேலையின்றிக் கூலிக்காரர் இரண்டுங்கெட்டு நிற்க நேரிடும் என்பதையும் மறத்தலாகாது.

3. கூலி காலத்தில் வருகின்றதா என்று கவனித்தல் வேண்டும். மூன்று மாதம் கழித்து வரும் கூலி அதற்குள் வட்டிக்கடைக்குப் போய்விடும். ஆந்திரத்தில் விளைந்த நன்மைக்குப் புதிய பணம் காரணமன்று. வர வேண்டிய பணம் விரைவாகவும் சிந்தாமலும் வந்ததே காரணம்.

4. வருகைப் பதிவேட்டையும் அளவுப் புத்தகத்தையும் சபையில் உரக்கப் படிக்கச் செய்தல் வேண்டும். இறந்தோர் பெயரும் ஊரில் இல்லாதோர் பெயரும் அப்போது தாமே வெளிப்படும்.

முடிவுரை

பொதுப் பணத்தால் ஏழைகட்கு வேலை கொடுப்பது சமுதாயத்திற்கும் பொருள்நிலைக்கும் நன்மையா என்னும் கேள்விக்கு, பீஹாரும் தாதுவருஷமும் வங்காளமும் மஹாராஷ்டிரமும் ஆந்திரமும் ஒரே விடை தருகின்றன. போதிய கூலி, உரிய காலத்தில், அருகான இடத்தில், நிலைத்த பயனுள்ள வேலைக்குக் கொடுக்கப்பெறின், அது செலவு என்பதினும் முதல் என்பதே பொருந்தும். அந்நான்கினுள் ஒன்று குறையினும் பயன் குறையும். நான்கும் குறையின் பணமும் போய் உயிரும் போகும். நில வருமானத்தில் ஒரு சாரார்க்குச் சிறிது குறைவு நேரலாம். ஆனால் கூலிக்காரர் குடும்பம் கோடையில் ஊரைவிட்டுப் பெயராமல் இருந்தால்தான் ஐப்பசியில் நடவிற்கு ஆள் இருக்கும் என்பதை அனுபவமுள்ள குடியானவர் அறிவர். கோடையில் அவர்கள் வெட்டிய ஏரியின் நீரே அந்நடவிற்கும் பாயும்.

கிராம சங்கங்களில் கூடிப் பேசுதற்குரிய வினாக்கள்

1. வறட்சியில் தானியம் குறைவதற்கு முன்னரே கூலிக்காரர் துன்புறுவது ஏன்?

2. 1873-74-ஆம் ஆண்டின் பீஹார் நிவாரணத்திற்கும் 1877-ஆம் ஆண்டின் சென்னை நிவாரணத்திற்கும் உள்ள வேறுபாடுகள் யாவை?

3. உங்கள் ஊர் ஏரியில் சென்ற ஐந்து ஆண்டுகளில் எத்தனை ஆள்நாள் வேலை நடந்தது? அதனால் நீர் நிற்கும் அளவு கூடியுள்ளதா?

4. உங்கள் ஊரில் ஆள் மிகவும் வேண்டப்பெறும் 60 நாட்கள் எவை? அவற்றை நிலமுடையோரும் கூலிக்காரரும் சேர்ந்து எழுதுக.